நீதியரசர் தர்குட் மார்ஷல்

இரயில்வேயில் பணி புரிபவன் எழுதும் கட்டுரை இரயில் பெட்டியிலே தொடங்குவதை அன்பர்கள் பொறுத்தருள வேண்டும். நான் சொல்லப் புகும் வரலாறே உண்மையில் ஓர் இரயில் பெட்டியில்தான் தொடங்குகிறது.

1892-ஆம் ஆண்டு ஜூன் 7-ஆம் நாள், அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்பகுதியிலுள்ள நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஹோமர் பிளெஸ்ஸி என்பவர் முதல் வகுப்பு டிக்கட் வாங்கிக்கொண்டு, வெள்ளையருக்கென ஒதுக்கப்பட்டிருந்த பெட்டியில் ஏறி அமர்ந்தார். அவர் உடலில் ஓடிய இரத்தத்தில் எட்டில் ஏழு பங்கு வெள்ளையருடையது. ஒரு பங்கே கறுப்பருடையது. பார்வைக்கு வெள்ளையராகவே தோன்றிய அவர், தாம் கறுப்பினத்தவர் எனத் தாமே அறிவித்து, பெட்டி மாற மறுத்துக் கைதானார். 1890-இல் லூயிசியானா மாநிலம் இயற்றிய தனிப்பெட்டிச் சட்டத்தைச் சோதித்துப் பார்க்கவே இந்த ஏற்பாடு நடந்தது. அச்சட்டம் இரயில் கம்பெனிக்கும் உவப்பானதன்று. கூட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வண்டிதோறும் கூடுதலாக ஒரு பெட்டி கோத்து இழுக்க வேண்டுமானால் அதன் செலவு என்னவென்பதை நம்மவர்க்குச் சொல்ல வேண்டுவதில்லை. எனினும் 1896 மே 18-ஆம் நாள் உச்சநீதி மன்றம் பிளெஸ்ஸிக்கு எதிராகவே தீர்ப்பு வழங்கியது. பிரித்து வைப்பது குற்றமன்று, இரண்டும் சமமாக இருந்தால் போதும் என்பது அத்தீர்ப்பின் சாரம். எழுவர் அதனை ஏற்றனர். ஹார்லன் என்னும் நீதிபதி ஒருவர் மட்டும் மறுத்துரைத்தார்.

பெட்டிக்குச் சொன்ன நியாயம் பள்ளிக்கூடத்துக்கும் சென்றது. வெள்ளைக் குழந்தைக்கு ஒரு பள்ளி, கறுப்புக் குழந்தைக்கு வேறொரு பள்ளி என்று 17 மாநிலங்களும் தலைநகரமும் சட்டத்தால் விதித்தன. மேலும் 4 மாநிலங்கள் ஊரார் விரும்பினால் அவ்வாறு செய்துகொள்ள இடமளித்தன. பிரித்தல் முழுமையாக நடந்தது; சமமாக்கல் மட்டும் எங்கும் நடக்கவில்லை. அரை நூற்றாண்டுக்கும் மேலாக நிலைத்துநின்ற அந்த நியாயத்தைப் பெயர்த்தெறிந்த வழக்கறிஞர் கூட்டத்துக்குத் தலைவராய் விளங்கியவரே தர்குட் மார்ஷல்.

அவர் 1908 ஜூலை 2-ஆம் நாள் மேரிலாந்து மாநிலத்துப் பால்டிமோர் நகரில் பிறந்தார். பாட்டனாரின் பெயராகிய தரோகுட் என்பதையே பெற்றோர் இட்டனர். பள்ளியில் அத்தனை எழுத்தையும் எழுதி அலுத்துப்போன சிறுவன் அதனைத் தர்குட் எனத் தானே சுருக்கிக்கொண்டான். தந்தை வில்லியம் மார்ஷல் இரயிலின் உணவு வண்டியில் பரிமாறுபவராகப் பணி செய்தார். பின்னர் வெள்ளையர் மட்டுமே உறுப்பினராகக் கூடிய ஒரு மனமகிழ் மன்றத்தில் மேற்பார்வையாளரானார். தாய் நார்மா கறுப்பர் பள்ளியில் ஆசிரியை. தந்தைக்கு ஒரு விந்தையான பொழுதுபோக்கு உண்டு. ஓய்வு நாட்களில் நீதிமன்றத்துக்குச் சென்று யாருடைய வழக்கையாவது கேட்டுக்கொண்டிருப்பார். வீடு திரும்பியதும் உணவு மேசையில் பிள்ளைகளுடன் வாதுக்கு நிற்பார். அவர்கள் எதைச் சொன்னாலும் அதற்குச் சான்று கேட்பார். தம்மை வக்கீலாகும்படி தந்தை ஒருபோதும் சொன்னதில்லை, ஆயினும் ஆக்கிவிட்டார் என்று மார்ஷல் பிற்காலத்தில் நினைவுகூர்வதுண்டு.

பள்ளியில் மார்ஷல் அடங்கிய பிள்ளையல்லர். குறும்பு செய்யும் போதெல்லாம் ஆசிரியர் அவரைத் தனியே அமர்த்தி அரசியலமைப்புச் சட்டத்தை மனப்பாடம் செய்யச் சொல்லுவது தண்டனை. பள்ளியை விட்டு வெளியேறு முன் அச்சட்டத்தின் பெரும்பகுதி அவருக்கு நெட்டுருவாகிவிட்டது. எல்லாக் குடிகளுக்கும் சட்டத்தின் சமமான காப்பு உண்டென்று கூறும் 14-ஆம் திருத்தம் அதில் இருந்தது. ஏட்டில் இருந்தது வீதியில் இல்லையே என்பதை அச்சிறுவன் கவனியாமல் இருந்திருப்பானா?

கல்லூரிச் செலவுக்காக அவரும் பால்டிமோர்–ஓஹையோ இரயில்வேயின் உணவு வண்டியில் பரிமாறச் சேர்ந்தார். ஆறடிக்கு மேல் உயரம். கொடுத்த கால்சட்டையோ முழங்காலுக்குச் சற்றுக் கீழே நின்றுவிட்டது. பெரிதாக ஒன்று வேண்டுமெனக் கேட்டதற்கு, புதிய கால்சட்டை தேடுவதைவிடக் குள்ளமான ஆள் ஒருவனைத் தேடுவது எளிது என்று மேலதிகாரி விடையளித்தாராம். இதை மார்ஷலே பலரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார். உலகத்து ஸ்டோர்ஸ் இலாகாக்கள் யாவும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை போலும்!

1930-இல் பென்சில்வேனியாவின் லிங்கன் கலாசாலையில் பட்டம் பெற்றார். அதற்கு முந்திய ஆண்டே விவியன் என்னும் மங்கையை மணந்திருந்தார். சட்டம் பயில வீட்டருகிலேயே மேரிலாந்துப் பல்கலைக்கழகம் இருந்தது. ஆயின் அதன் கதவு கறுப்பர்க்கு மூடியிருந்தது. ஆகவே 40 மைலுக்கு அப்பால் வாஷிங்டனிலுள்ள ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, நாள்தோறும் அதிகாலை இரயிலேறிச் சென்று இரவில் திரும்பினார். கட்டணம் செலுத்தத் தாய் தம் நிச்சய மோதிரத்தையும் திருமண மோதிரத்தையும் அடகு வைத்தார். தாலிக்கொடியை அடகு வைத்துப் பிள்ளையைப் படிக்க வைத்த தாய்மார்களை அறிந்த நமக்கு இதன் பொருள் விளங்கும்.

ஹோவர்டில் அவருக்கு வாய்த்த ஆசான் சார்ல்ஸ் ஹாமில்டன் ஹூஸ்டன். புகழ்பெற்ற ஹார்வர்டில் சட்டம் பயின்றவர். முதல் உலகப் போரில் படை அதிகாரியாகப் பணியாற்றி, தம் நாட்டுப் படையிலேயே தம் இனத்தாருக்கு நேர்ந்த இழிவுகளைக் கண்டு மனம் கொதித்துத் திரும்பியவர். மாணவரைக் கசக்கிப் பிழிவார். சமுதாயத்தைத் திருத்தும் பொறியாளனாக இல்லாத வக்கீல் சமுதாயத்தை உறிஞ்சும் ஒட்டுண்ணியே என்பது அவர் கொள்கை. மார்ஷல் 1933-இல் வகுப்பில் முதல்வராகத் தேறினார். பின்னர் ஆசானும் மாணவரும் காரில் தென் மாநிலங்களைச் சுற்றினர். கூரை ஒழுகும் ஒற்றையறைப் பள்ளிகளையும், அவற்றுக்கு அணித்தே செங்கல்லால் எழும்பி நின்ற வெள்ளையர் பள்ளிகளையும் கண்டனர். ஹூஸ்டன் இவற்றையெல்லாம் படப்பிடிப்புக் கருவியால் பதிவு செய்து வந்தார். மார்ஷலின் புகழில் பாதி ஹூஸ்டனுக்கு உரியது என்பது என் கருத்து. மார்ஷலும் இதை மறைத்ததில்லை. ஹூஸ்டனோ வெற்றியைக் காணாமலே 1950 ஏப்ரலில் காலமானார்.

மார்ஷல் தொட்ட முதற்பெரும் வழக்கு, தமக்கு மூடியிருந்த அதே கதவைத் தட்டியது. டொனால்டு மர்ரே என்னும் கறுப்பின இளைஞரை மேரிலாந்துச் சட்டக் கல்லூரி சேர்க்க மறுத்தது. ஹூஸ்டனும் மார்ஷலும் வழக்காடினர். 1935-இல் நீதிபதி அவரைச் சேர்க்குமாறு ஆணையிட்டார். 1936 ஜனவரியில் மேல் நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. அவ்வாண்டே மார்ஷல் கறுப்பின மக்களின் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கத்தில் முழுநேரப் பணி ஏற்று நியூயார்க் சென்றார்.

அடுத்து அவர் எடுத்துக்கொண்டது ஆசிரியர் சம்பளம். மேரிலாந்தில் ஒரே தகுதி, ஒரே வேலை. ஆயினும் கறுப்பின ஆசிரியர்க்கு வெள்ளையர் பெறுவதில் ஏறத்தாழப் பாதியே சம்பளம். அன்னையே அத்தகைய ஆசிரியை ஆதலின் இவ்வழக்குகளை அவர் தம் வீட்டு வழக்காகவே நடத்தினார் எனலாம். ஜில்லா ஜில்லாவாக வென்றார்.

அவர் வழக்காடச் சென்ற ஊர்களில் தங்க விடுதி கிடையாது. உண்ணக் கடை கிடையாது. கறுப்பின மக்களின் வீடுகளிலேயே தங்கினார். 1946 நவம்பரில் டென்னசி மாநிலத்தில் ஒரு வழக்கை முடித்து இரவில் திரும்புகையில் காவலர் காரை மறித்து, குடித்து வண்டியோட்டியதாகப் பொய்க் குற்றம் சாட்டி, அவரை மட்டும் தங்கள் வண்டியில் ஏற்றி ஆற்றங்கரையை நோக்கி ஓட்டினர். உடன் வந்த தோழர்கள் விடாமல் பின்தொடர்ந்தமையால் வேறு வழியின்றி ஊருக்குள் கொண்டுவந்தனர். குடித்ததற்கான வாடையே இல்லை என்று நீதிபதி விடுவித்துவிட்டார். தோழர்கள் பின்தொடராமல் இருந்திருந்தால் இக்கட்டுரைக்கு இவ்விடத்தில் முற்றுப்புள்ளி விழுந்திருக்கும்.

1950 ஜூன் 5-ஆம் நாள் இரண்டு வழக்குகளில் ஒருங்கே வெற்றி கிட்டியது. டெக்சாஸ் மாநிலத்தில் ஹேமன் ஸ்வெட் என்னும் தபால்காரர் சட்டம் படிக்க விரும்பினார். அவரைச் சேர்க்காமலிருக்க, அரசாங்கம் ஒரு கட்டிடத்தின் அடித்தளத்தில் தனிச் சட்டக் கல்லூரி ஒன்றை அவசரமாக அமைத்தது. ஓக்லஹாமாவில் மெக்லாரின் என்னும் முதிய ஆசிரியரைப் பல்கலைக்கழகம் சேர்த்துக்கொண்டது; ஆனால் வகுப்பறைக்கு அடுத்த சிற்றறையில் இருந்து பாடம் கேட்க வேண்டும், நூலகத்தில் தனி மேசை, உணவகத்தில் தனி இடம் என்று வரையறுத்தது. கோணிப்பையைத் தாமே கொண்டுசென்று வகுப்பின் மூலையில் விரித்து அமர்ந்து படித்த டாக்டர் அம்பேத்கரின் இளமை இங்கு நம்மவர் நினைவுக்கு வராமல் போகாது. கடல் கடந்தாலும் சிறுமையின் உருவம் மாறுவதில்லை. இவ்விரு ஏற்பாடுகளும் சமத்துவமாகா என்று உச்சநீதி மன்றம் கூறிவிட்டது.

இதற்குமேல்தான் பெரிய கேள்வி எழுந்தது. எங்கள் பள்ளியையும் அவர்கள் பள்ளி போலச் செய்து கொடுங்கள் என்று கேட்பதா? தனிப்பள்ளியே கூடாது என்று கேட்பதா? கறுப்பின மக்களிடையிலேயே இதில் ஒருமனம் இல்லை. பேரறிஞர் டு பாய்ஸ் 1935-லேயே, வெறுப்போடு நடத்தும் பொதுப்பள்ளியில் குழந்தை வாடுவதைவிட அன்போடு நடத்தும் தனிப்பள்ளி மேல் என்ற கருத்துப்பட எழுதியிருந்தார். அதை எளிதில் தள்ளிவிட இயலாது. நம் காலனிப் பிள்ளைகளுக்கு நாமே தமிழ் வகுப்பு நடத்துகிறோம். அது நாம் விரும்பிக் கூடிக்கொள்வது. மறுநாள் காலை அதே பிள்ளை எல்லாருடனும் ஒரே பள்ளிக்குச் செல்கிறது. பிறர் கோடு கிழித்து, நீ அப்புறம் இரு என்று இருத்துவதோ முற்றும் வேறு. மார்ஷல் நெடுநாள் தயங்கிச் சிந்தித்தபின் இரண்டாவது வழியையே தேர்ந்தார்.

தென் கரோலினா மாநிலத்துக் கிளாரண்டன் ஜில்லாவைப் பற்றிச் சிறிது விரிவாகக் கூற வேண்டும். 1940-களின் பிற்பகுதியில் அங்கு வெள்ளைக் குழந்தைகளுக்கு 30 பஸ்கள் ஓடின. கறுப்புக் குழந்தைகளுக்கு ஒன்றும் இல்லை. பல மைல் நடந்தே சென்றனர். 1949-50-இல் ஒரு வெள்ளைக் குழந்தைக்கு ஆண்டுக்கு 179 டாலரும், ஒரு கறுப்புக் குழந்தைக்கு 43 டாலரும் செலவிடப்பட்டன. டிலெய்ன் என்னும் பாதிரியார் ஊக்கியதன்பேரில் பெற்றோர் முதலில் கேட்டது ஒரே ஒரு பஸ். அது கிடைக்காமற் போகவே பெரிய விண்ணப்பத்தில் கையெழுத்திட்டனர். ஹாரி பிரிக்ஸ் என்பவர் பெயர் முதலில் நின்றது. அவர் பெட்ரோல் கடையில் வேலை பார்த்தவர், வேலை போயிற்று. விடுதியில் பணிப்பெண்ணாக இருந்த அவர் மனைவிக்கும் வேலை போயிற்று. பாதிரியாரின் வீடு எரிந்தது. பின்னர் அவருடைய தேவாலயமும் எரிந்தது. அவர் மாநிலத்தை விட்டே வெளியேறினார். உச்சநீதி மன்றத்தில் நின்று வாதிடுவதற்கும் துணிவு வேண்டும்தான். மாதச் சம்பளத்தை நம்பி நான்கு பிள்ளைகளை வளர்ப்பவன் ஒரு காகிதத்தில் கையெழுத்திடுவதற்கு அதனினும் மிகுந்த துணிவு வேண்டும்.

இவ்வழக்கில்தான் கென்னத் கிளார்க் என்னும் உளநூல் அறிஞர் சாட்சியம் அளித்தார். அவரும் அவர் மனைவி மாமியும் சேர்ந்து அமைத்த சோதனை அது. வெள்ளை நிறப் பொம்மையையும் பழுப்பு நிறப் பொம்மையையும் கறுப்பினக் குழந்தைகள் முன் வைத்து, எது நல்லது, எது கெட்டது, எது உன்னைப் போன்றது என்று கேட்டனர். கிளாரண்டனில் 16 குழந்தைகளைக் கேட்டதில் பெரும்பாலோர் வெள்ளைப் பொம்மையை விரும்பினர். பழுப்புப் பொம்மையே கெட்டது என்றனர். கெட்டதென்று சுட்டிய பொம்மையையே தன்னைப் போன்றதென்றும் குழந்தை சுட்ட வேண்டியிருந்தது. பொம்மையைக் கொண்டு சட்டம் பேசுவதா என மார்ஷலின் கூட்டாளிகளிலேயே சிலர் நகைத்தனர். மார்ஷல் நகைக்கவில்லை. மூன்று நீதிபதிகளில் இருவர் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தனர். வேரிங் என்னும் நீதிபதி மட்டும் மாறுபட்டு எழுதினார்; உள்ளூரில் அவரோடு பேசுவாரின்றி, 1952-இல் நியூயார்க் சென்று குடியேறினார்.

வேறு நான்கு இடங்களிலிருந்தும் இதைப் போன்ற வழக்குகள் வந்தன. வர்ஜீனியாவில் 180 மாணவர்க்கென எழுப்பிய பள்ளியில் 450 பேர் நெருங்கி, மிகுந்தவர் தார்த்தாள் வேய்ந்த கொட்டகைகளில் இருந்தனர். பார்பரா ஜான்ஸ் என்னும் 16 வயதுப் பெண் 1951 ஏப்ரலில் மாணவர்களைத் திரட்டி வேலைநிறுத்தம் செய்வித்தாள். கான்சாஸ் மாநிலத்து டொபீகாவில் ஆலிவர் பிரவுன் என்பவர் சாந்தா ஃபே இரயில்வே ஒர்க்ஷாப்பில் வெல்டர். அவர் மகள் லிண்டா, ஏழு தெரு தள்ளியிருந்த வெள்ளையர் பள்ளியில் சேர இயலாது, ஷண்டிங் யார்டைக் கடந்து சென்று பஸ் பிடித்துத் தொலைவிலிருந்த கறுப்பர் பள்ளிக்குப் போனாள். ஷண்டிங் யார்டைத் தாண்டி எட்டு வயதுப் பெண் தினமும் போவதென்றால் என்னவென்று காலனித் தாய்மார்களுக்குத் தெரியும். ஐந்து வழக்குகளும் ஒன்றாக்கப்பட்டு அந்த இரயில்வே தொழிலாளியின் பெயரையே தாங்கின.

1952 டிசம்பரிலும் 1953 டிசம்பரிலும் வாதங்கள் நடந்தன. எதிர்த்தரப்பில் நின்றவர் ஜான் டேவிஸ். 1924-இல் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்றவர். 80 வயது முதியவர். மாணவராயிருந்தபோது அவருடைய வாதத்தைக் கேட்பதற்கென்றே வகுப்பைத் துறந்து சென்றவர் மார்ஷல். இடையில் தலைமை நீதிபதி வின்சன் இறந்து, ஏர்ல் வாரன் அவ்விடத்துக்கு வந்தார். 1954 மே 17-ஆம் நாள் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். பொதுக்கல்வியில் பிரித்து வைப்பது என்பதே சமமின்மையாகும் என்று தீர்ந்தது. 1896-இல் கோத்த பெட்டி 58 ஆண்டுகளுக்குப் பின் கழற்றப்பட்டது.

ஆனால் 1955 மே மாதத்தில் வந்த இரண்டாம் தீர்ப்பு காலக்கெடு எதையும் விதிக்கவில்லை. இயன்ற விரைவில் செய்க என்ற கருத்தோடு நின்றுவிட்டது. மார்ஷல் நாள் குறிக்கும்படி மன்றாடியும் பயனில்லை. நாள் குறிக்காத உத்தரவு எந்த அலுவலகத்தில் எந்தக் கட்டின் அடியில் போய்ச் சேரும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. 1957-இல் லிட்டில் ராக் நகரில் ஒன்பது மாணவர்கள் பள்ளிக்குள் நுழைய இராணுவம் வர வேண்டியிருந்தது. வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்டு ஜில்லாவோ, ஒன்றாகப் படிக்க வைப்பதைவிட மூடிவிடுவது மேல் என்று 1959 முதல் 1964 வரை ஐந்தாண்டுகள் பொதுப்பள்ளி அனைத்தையும் மூடி வைத்தது. 1963-64-இல் பதினொரு தென் மாநிலங்களில் கறுப்பினப் பிள்ளைகளில் நூற்றுக்கு ஒருவர் அளவே வெள்ளையருடன் அமர்ந்து படித்தனர். பின்னர் பள்ளிகள் ஒன்றானபோது மூடப்பட்டவை பெரும்பாலும் கறுப்பர் பள்ளிகளே. ஆயிரக்கணக்கான கறுப்பின ஆசிரியர்கள் வேலை இழந்தனர். ஆசிரியையின் மகன் பெற்ற வெற்றியால் ஆசிரியைகளே வீதிக்கு வந்தனர். இதைச் சொல்லாது விட்டால் வரலாறு முழுமையாகாது.

1955 பிப்ரவரியில் விவியன் அம்மையார் புற்றுநோயால் மறைந்தார். அவ்வாண்டு இறுதியில், ஹவாய்த் தீவில் பிறந்த பிலிப்பைன் வழியினரான சிசிலியாவை மணந்தார். இரு மைந்தர் பிறந்தனர். 1960-இல் கென்யா நாட்டின் அரசியலமைப்புப் பற்றி லண்டனில் நடந்த மாநாட்டுக்கு ஆப்பிரிக்கப் பிரதிநிதிகளின் ஆலோசகராகச் சென்றார். அங்கு அவர் வரைந்த உரிமைப் பட்டியல், பெரும்பான்மையாகிய கறுப்பரையன்றி, சிறுபான்மையாகிய வெள்ளையரையும் ஆசியரையும் காப்பதாக அமைந்தது. அவ்வாசியரில் பெரும்பாலோர் நம் நாட்டவர்; அந்நாட்டு இருப்புப் பாதையை இட்டவர்களும் நம் நாட்டுக் கூலிகளே. அயலூரில் பிழைக்கும் நாம் இதை மறத்தல் ஆகாது.

1961-இல் மேல்முறையீட்டு நீதிபதியானார். 1965-இல் அரசாங்கத்தின் சார்பில் உச்சநீதி மன்றத்தில் வாதிடும் தலைமை வழக்கறிஞரானார். 1967-இல் ஜனாதிபதி ஜான்சன் அவரை உச்சநீதி மன்றத்துக்கு நியமித்தார். 69 வாக்குகள் ஆதரவும் 11 எதிர்ப்புமாக மேல்சபை இசைந்தது. அவ்வாசனத்தில் அமர்ந்த முதற் கறுப்பர் அவரே.

வக்கீலாக வென்றவர் நீதிபதியாகப் பலமுறை தோற்றார். 1973-இல் டெக்சாஸ் மாநிலத்து சான் அன்டோனியோ வழக்கு வந்தது. வீட்டுவரியைக் கொண்டு பள்ளி நடத்துவதால், ஏழைகள் வாழும் எட்ஜ்வுட் வட்டாரத்தில் ஒரு பிள்ளைக்கு 356 டாலரும், செல்வர் வாழும் ஆலமோ ஹைட்ஸில் 594 டாலரும் செலவாயின. இதில் அரசியலமைப்புக்கு முரண் இல்லை என ஐவர் கூறினர்; மார்ஷல் உள்ளிட்ட நால்வர் மறுத்தனர். மறு ஆண்டு டெட்ராய்ட் வழக்கு. நகரப் பள்ளிகளில் கறுப்பரே மிகுந்திருந்தனர். வெள்ளையர் பெரும்பாலோர் புறநகர்களில் வாழ்ந்தனர். 53 புறநகர் வட்டாரங்களையும் சேர்த்துப் பிள்ளைகளைக் கலக்கச் சொன்ன ஆணையை மீண்டும் ஐவர் தள்ளினர். நிறச்சுவரை இடித்த இடத்தில் ஊர் எல்லை சுவராக நின்றது. மார்ஷல் இம்முறையும் நீண்ட மறுப்புரை எழுதினார்; அதில் அவருடைய துயரம் தெரிகிறது.

1980-இல் மேரிலாந்துப் பல்கலைக்கழகம் தன் சட்ட நூலகத்துக்கு அவர் பெயரைச் சூட்டியது. அவ்விழாவுக்கு அவர் செல்லவில்லை. பெருந்தன்மை போதவில்லை என்பார் உளர். தாயின் மோதிரங்களை நினைந்தால் எனக்கு அவ்வாறு சொல்ல மனம் வரவில்லை.

1991-இல் உடல் தளர்ந்து ஓய்வு பெற்றார். 1993 ஜனவரி 24-ஆம் நாள் தமது 84-ஆம் வயதில் காலமானார். ஆபிரகாம் லிங்கனின் உடலைத் தாங்கிய பீடத்தின்மீது, உச்சநீதி மன்றக் கூடத்தில் அவர் உடல் வைக்கப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் குளிரில் வரிசையில் நின்று வணங்கிச் சென்றனர். அவர்களுள் எவரோ ஒருவர் அந்த வெல்டரின் பெயர் கொண்ட வழக்கில் மார்ஷல் தாக்கல் செய்த வாதக் குறிப்பின் படி ஒன்றைப் பேழையருகே வைத்துவிட்டுப் போனார். 2005-இல் பால்டிமோர் விமான நிலையத்துக்கு மார்ஷலின் பெயர் சூட்டப்பட்டது. இரயில் நிலையத்துக்குச் சூட்டியிருக்கலாம் என்பது என்னைப் போன்றோர் ஆசை.